இருமல் இன்ஸ்பெக்டர்

தென்னாற்காடு ஜில்லாவில் பாட்டுக் கேட்கக் கூட்டம் கூடும். கூத்துப் பார்க்கவும் கூடும். ஒரு மனிதர் இருமுவதைக் கேட்கக் கூட்டம் கூடியது என்றால், அது எங்கள் இருமல் இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் அவர் சானிடரி இன்ஸ்பெக்டர். நான் அதே ஆபீசில் குமாஸ்தா. கொசுவைப் பற்றியும் அம்மை குத்திக்கொள்வதைப் பற்றியும் பேசச் சொல்லித்தான் மேலிடத்து உத்தரவு. அதை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பீடியின் கெடுதலுக்கு வந்துவிடுவார். நாளொன்றுக்கு மூன்று கட்டு பிடிக்கிறவர், விஷயம் தெரிந்தவர்.

சந்தை நாளில் அவரோடு போய், நுரையீரல் படத்தைப் புளியமரத்தில் மாட்டுவேன். அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"படத்த வுடுங்க, இதக் கேளுங்க" என்று குனிந்து இருமுவார். அடிவயிற்றிலிருந்து புறப்படும் இருமல், முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது மறுபடி ஆரம்பிக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

"இருவது வருசமா இழுத்துக்கினு கீறேன். உங்களுக்கும் வேணுமா?"

மயிலத்தில் ஒரு பெண்மணி, புருஷன் மடியிலிருந்த பீடிக்கட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். நான் மட்டும் அசையவில்லை. அவர் பேசியது பீடியைப் பற்றி; நான் பிடித்தது சிகரெட்.

பிறகு விழுப்புரத்தில் ஒரு டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "இன்னிக்கே நிறுத்துனா பொழைப்பீங்க. ஒண்ணே ஒண்ணுன்னு மறுபடி ஆரம்பிச்சீங்க, என்கிட்ட வராதீங்க" என்றார்.

நிறுத்தினார். சில மாதங்களில் இருமல் போயிற்று. கூடவே கூட்டமும் போயிற்று.

"இன்னா சார், இருமலக் காணோம்?" என்று கேட்டார் சந்தைக்கு வந்த ஒருவர்.

"பீடிய வுட்டேன், நின்னுபோச்சுய்யா."

"இத்தினி வருசம் புடிச்சும் நல்லாத்தானே கீறீங்க! அப்ப ஒண்ணும் ஆவாது."

பொய்யாக இருமிப் பார்த்தார். "பழைய இருமலு மாதிரி வரல சார்" என்று சொல்லிவிட்டு, நின்றிருந்த நாலு பேரும் மாடு பார்க்கப் போய்விட்டார்கள்.

வானூர் சந்தையில் ஒருநாள், படத்தை மாட்டியதும் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு குடுய்யா. எனக்காவ இல்ல, கூட்டத்துக்காவ."

டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தவன். பையைக் கையால் பொத்திக்கொண்டு, "முடியாது சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. எனக்குள் இப்படி ஒன்று குடியிருந்தது எனக்கே தெரியாது. அது நின்றபோது சந்தையில் பாதி என்னைச் சுற்றி நின்றது.

இன்ஸ்பெக்டர் முகத்தில் அன்று கண்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட யார் முகத்திலும் நான் கண்டதில்லை.

"பாருங்கய்யா! படிச்ச மனுசன், முப்பது வயசுகூட ஆவல! இன்னொரு தபா இருமுய்யா!"

அன்றுமுதல் நான்தான் கச்சேரி. ஊருக்கு ஊர் இருமினேன். சிலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தவறாமல் கேட்பார்: "எப்பய்யா வுடப்போற?"

"நானும் விட்டுட்டா உங்க கூட்டம் என்ன சார் ஆவும்?"

"கூட்டம் கெடக்குது. நீ இருக்கணும்யா."

எப்படியோ விட்டுத் தொலைத்தேன். பிறகு ஒரு சந்தையில், நாலே பேர் எதிரில் கொசுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நடுநடுவே நிறுத்தி, கொசுப் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் பக்கம் காதைத் திருப்புவார். நான் இருமவில்லை என்று தெரிந்ததும், குரல் உற்சாகமாக இன்னும் கொஞ்சம் உயரும்.