ஞாயிறு தூக்கமும் ஒரு பாஸ்வேர்டும்

இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையே போனாலும் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்று வீட்டுக்காரர் சபதம் எடுத்தார். மனைவியின் தையல் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்த பாவத்துக்கு அவர் பட்டது போதும். சாப்பிட்டுக் கண் செருகும் நேரம் பார்த்துத்தான் அந்த அம்மாளுக்குத் திருத்தம் தோன்றும்.

“என்னங்க, அந்தப் பச்சைச் சட்டையை எடுத்துட்டு நீலத்தைப் போடுங்களேன்.”

“போன வாரம்தானே நீலத்தை எடுத்துட்டுப் பச்சையைப் போடச் சொன்னே?”

“அது போன வாரம்.”

ஒரு சட்டையை மாற்றக் கோடிங் முழுவதையும் துழாவ வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கமே தலைகீழாகிவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், மண்டையை உடைத்துக்கொண்டு ஓர் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளைத் தளத்தில் ஏற்றினார்.

“இனிமே கோடிங்கே வேண்டாம். இங்கே டைப் பண்ணு, படத்தைத் தேர்ந்தெடு, இந்தப் பட்டனை அமுக்கு. அவ்வளவுதான். யார் எதைத் திருத்தலாம்னுகூட இதுலயே வெச்சுக்கலாம்.”

“எனக்கு இதெல்லாம் எங்கேங்க வரப்போகுது?” என்று இழுத்தாள் அவள்.

அவளுக்கென்று தனிக் கணக்கு தொடங்கியிருக்கலாம். சோம்பல் யாரை விட்டது? “என் பாஸ்வேர்டையே வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, அன்று குறட்டை விட்டுத் தூங்கினார்.

அடுத்த ஞாயிறு, கண் செருகும் நேரத்தில் போன் அடித்தது.

“சார், துணி எப்போ கொண்டு வருவீங்க?”

“ராங் நம்பர்!” என்று வைத்தார். மறுபடியும் அடித்தது. இது வேறு குரல், அதே கேள்வி.

பதறிப்போய்த் தளத்தைத் திறந்தார். முகப்பில் அவருடைய கல்யாணப் போட்டோ பல்லிளித்தது. கீழே, அவர் போன் நம்பரோடு, ‘ஞாயிறுதோறும் உங்கள் துணிகளை என் கணவரே வீடு தேடி வந்து தருவார். கட்டணம் இல்லை.’

ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் அழித்தார். திரை பணிவாகச் சொன்னது: ‘உங்கள் திருத்தம் நிர்வாகியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.’

“அடியே! நிர்வாகி நான்தானே?”

“போன வாரம் வரைக்கும்” என்றாள் ஊசியில் நூல் கோத்தபடி. “யார் எதைத் திருத்தலாம்னு வெச்சுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பாஸ்வேர்டுல போய் எனக்குன்னு ஒரு நிர்வாகிக் கணக்கு தொடங்கி, உங்களை இறக்கிட்டேன். ரொம்ப சுலபமா இருந்துச்சுங்க.”

“அப்போ அந்த ஒப்புதலையாவது குடுத்துத் தொலை! நான் தூங்கணும்!”

அவள் எழுந்து வந்து, தைத்த துணிப் பைகளை அவர் இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டாள்.

“முதல்ல இதையெல்லாம் குடுத்துட்டு வாங்க. அப்புறம் பரிசீலிக்கிறேன்.”