டைம்கீப்பரும் எட்டாவது இடமும்

பிழைக்க வளைகுடாவுக்கு வருகிற தமிழன், விமானம் ஏறுவதற்கு முன்பே வாயைக் கழற்றி ஊரில் வைத்துவிட்டு வருகிறான் என்பது என் முடிவு. இத்தனை வருட துபாய் வாழ்க்கையில் இதற்கு விதிவிலக்காக ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் டைம்கீப்பர். வாயோடு வந்தார், வாயோடு வாழ்ந்தார். பயப்படுகிற வேலையை மட்டும் மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டார்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, பாஸ்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் கட்டுமானக் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். சைட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை, யார் லீவில் ஊருக்குப் போனார் என்று எழுதி வைப்பது அவர் வேலை. அத்தனை பேருடைய லீவு தேதியும் அவருக்கு மனப்பாடம். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அங்கே குழந்தைகள் நடக்கப் பழகுவதே பந்துக்குப் பின்னால்தான் என்பார். துபாய் கராமாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவரும் நானும் ஒரே ரூம். நான் திருச்சிக்காரன். அதே கம்பெனியில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர், அதாவது பேப்பர் அடுக்கி வைப்பவன். பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பயத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் எட்டு கம்பெனிகள் சேர்ந்து லீக் நடத்தும். சீசனுக்கு முன்னால் எட்டு கம்பெனியிலும் ஆட விருப்பம் உள்ளவர்கள் ஒரே தாளில் பெயர் கொடுப்பார்கள். எட்டு நிர்வாகமும் ஒரு ஓட்டல் ஹாலில் உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் ஆளைத் தேர்ந்தெடுக்கும். நோட்டீஸில் அதற்கு டிராஃப்ட் என்று பெயர். நாங்கள் ஆள்பிடிப்பு என்போம். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் சாய்ஸ். அந்த விதியை எங்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். நாங்கள்தான் வருடா வருடம் எட்டாவது இடம், வருடா வருடம் முதல் சாய்ஸ். முதல் சாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் எட்டாவதாக வருவதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எங்கள் எச்.ஆர். மேனேஜரிடம் இருந்தது. அணியை நடத்துவதும் அவர்தான், எங்கள் விசாவைக் கேன்சல் செய்கிற அதிகாரமும் அவரிடம்தான்.

ஒரு வருடம் அவர் முதல் சாய்ஸில் எடுத்த ஆளுக்கு இருந்த ஒரே தகுதி, மினிபஸ் லைசென்ஸ். ஆட்டக்காரர்களைக் கூட்டிப் போக டிரைவர் தேவைப்பட்டதாம். மனிதர் எல்லோரையும் பத்திரமாக மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினார். ஆட்டத்தில் பந்து வந்தபோதெல்லாம் சாலை விதிப்படி ஒதுங்கி வழிவிட்டார். அடுத்த வருடம் ஸ்டோரில் மீந்து கிடந்த பெரிய அளவு ஜெர்சிக்குப் பொருத்தமாக ஒருவரை எடுத்தார்கள். ஜெர்சி கனகச்சிதமாக இருந்தது.

மூன்றாவது வருடம் மேனேஜர் நிஜமான ஆட்டக்காரன் ஒருவனின் பெயரைச் சொன்னார். டைம்கீப்பரின் கடற்கரைக்காரன், பந்தை வலைக்குள் போடுவதில் கெட்டிக்காரன். ஹாலே கை தட்டியது. பின் வரிசையில் என் பக்கத்திலிருந்து டைம்கீப்பரின் குரல் எழுந்தது.

"சாரே, அவன் டிசம்பர் பத்தாம் தேதி லீவுலா! கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறான். சீசன் முடிஞ்சுதான் வருவான்!"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "யாருய்யா அது? லீவெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"லீவை அட்ஜஸ்ட் பண்ணலாம் சாரே. கிறிஸ்மஸை எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவீங்க?"

மற்ற ஏழு கம்பெனிக்காரர்களும் சிரித்தார்கள். நான் கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்தவன், டீ வரும்வரை நிமிரவில்லை. அந்தப் பையன் மூன்று ஆட்டம் ஆடினான். பிறகு ஊருக்குப் போய், வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டிய படத்தை அணியின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டான். நாங்கள் எட்டாவதாக வந்தோம்.

டைம்கீப்பர் ஒருநாளும் ஆட்டக்காரர்களைத் திட்ட மாட்டார். "அவனை என்னத்துக்கு ஏசணும் மக்கா? வாரம் பூரா சைட்டில வெந்துட்டு வந்து ஓடுகான். அவனைப் புடிச்சவன்லா ஏசிக்குள்ள இருக்கான்!" என்பார். ஆகவே மைதானத்தில் அவர் நாற்காலி ஆட்டத்தைப் பார்த்து இருக்காது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பின்னால் பந்தலில் உட்கார்ந்திருக்கும் மேனேஜரைப் பார்த்துப் போட்டுக்கொள்வார். முதுகுப் பக்கம் கோல் விழும் சத்தம் கேட்டதும், "சாரே, இது உங்க கோலு!" என்று அறிவிப்பார். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தெரியாதவர் போல அவர் இருக்க மாட்டாரா என்று ஏங்குவேன். அவரோ, "நீயும் சொல்லு மக்கா" என்று என் தொடையில் தட்டுவார்.

அந்த சீசன் நடுவில்தான் அந்தச் செய்தி வந்தது. அடுத்த வருடம் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷின் வரப்போகிறது, அதோடு ஆள் குறைப்பும் வரப்போகிறது, லிஸ்ட் போடுவது மேனேஜர். எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஷின் வந்தால் முதலில் போகிற தலை டைம்கீப்பருடையது என்று குழந்தைக்கும் தெரியும். அவர் மகள் நர்சிங் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"அண்ணே, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். லிஸ்ட் வர்ற வரைக்கும் கிரவுண்ட்ல வாயைத் திறக்காதீங்க."

"திறக்கல்ல. மாதா மேல சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினார். அடுத்த வெள்ளி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மேனேஜரின் முகத்தையே தொண்ணூறு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். இடைவேளைக்குள் எங்கள் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் திருப்பிவிட்டார்கள். நாற்பது பேர் ஆட்டத்துக்கு முதுகு காட்டி, சத்தமில்லாமல் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். நான் திருப்பவும் துணியாமல், திருப்பாமல் இருக்கவும் துணியாமல், நாற்காலியைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன்.

அடுத்த ஆள்பிடிப்புக்கு முன்னால், யாரை எடுக்கலாம் என்று ஆபீஸில் ஒரு கூட்டம். டைம்கீப்பர் வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். குறிப்பெடுக்க நான் போக வேண்டியிருந்தது.

"எனக்குப் போன் போட்டு, கட் பண்ணாம சட்டைப் பையில வச்சிரு மக்கா. நான் சும்மா கேட்டுட்டு இருக்கேன்."

முடியாது என்று சொல்லவும் எனக்குப் பயம். வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் மேனேஜர், உயரமான ஆளாக எடுத்தால் குரூப் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று ஆரம்பித்தார். பையிலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. பதறிப்போய் போனை அணைக்க விரலை விட்டேன். விரல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டது.

"இந்த மனுசன் கையில ஆளெடுக்கிற வேலையைக் குடுத்ததுக்கு, பூனை கையில குடுத்திருக்கலாம்! நல்ல மீன் எதுன்னாவது அதுக்குத் தெரியும்லா!"

மேனேஜர் என்னைப் பார்த்து, மிக மரியாதையாக, "சார், உங்க பாக்கெட் பேசுது" என்றார். பிறகு, "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு என் ரூமுக்கு வாங்க. பாக்கெட்டையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் நான் மனத்துக்குள் ஊரில் கடை வைத்து, கடை நஷ்டமாகி, மூடியும்விட்டேன். பக்கத்தில் டைம்கீப்பர் உட்கார்ந்திருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். மடியில் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பஸ் சிக்னலில் நின்ற பிறகும் ஆடியது. அவர் கைதான் நடுங்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"மோளுக்கு இன்னும் மூணு வருசம் படிப்பு இருக்கு மக்கா" என்றார். "நான் பேசியிருக்கப்பிடாது. ஆனா, பேசாம இருந்தா நெஞ்சு அடைக்கி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

மேனேஜர் கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். மேஜையில் இருந்தது லிஸ்ட்தான் என்று நினைத்தேன். அது ஆள்பிடிப்புக்குப் பெயர் கொடுத்தவர்களின் தாள்.

"இதுல யாரெல்லாம் சீசன்ல லீவு?"

டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். எங்கள் கம்பெனி ஆட்கள் மட்டுமல்ல, மற்ற ஏழு கம்பெனி ஆட்களின் லீவும் தெரிந்திருந்தது. அங்கங்கே இருந்த டைம்கீப்பர்கள் எல்லாம் இவருக்குச் சிநேகம். மேனேஜர் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் பேனாவை வைத்தார்.

"எம்.டி. போன வாரம் கூப்பிட்டார். பதினோரு பேரை ஒழுங்கா எடுக்கத் தெரியாதவனை எதுக்கு எச்.ஆர்.ல வச்சிருக்கேன்னு கேட்டார். எனக்குப் பயமா இருக்குய்யா. இந்தத் தடவை நீ என் பக்கத்துல உக்காரு. நீயே பேரைச் சொல்லு."

டை கட்டிய பயத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் எனக்கு ஆறுதலாக இல்லை. டைம்கீப்பர் தப்பாக எடுத்தால் பழி யார் மேல் விழும் என்பது தெரிந்ததுதானே.

ஆள்பிடிப்பு நாள். முதல் சாய்ஸ் எங்களுக்கு. பெயர் சொல்ல இரண்டு நிமிடம். முன் மேஜையில் டைம்கீப்பர், இஸ்திரி போட்ட சட்டையில். மைக்கை அவர் முன்னால் நகர்த்தினார்கள். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வருடக்கணக்காகப் பின் வரிசையிலிருந்து கத்திய அந்த வாய், முன் வரிசையில் மரத்துப் போய்விட்டது. ஒரு நிமிடம் போயிற்று. மேனேஜர் முகம் வெளுத்தது. தவறினால் சாய்ஸ் அடுத்த கம்பெனிக்கு. டைம்கீப்பர் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். தண்ணீரில் மூழ்குகிறவன் கரையைப் பார்க்கிற பார்வை அது.

என்ன ஆயிற்று எனக்கு என்று இன்றுவரை தெரியவில்லை. எழுந்து நின்று, "அண்ணே! எதிர்ல இருக்கறது நம்ம மேனேஜர்னு நெனச்சுத் திட்டுற மாதிரி சொல்லுங்கண்ணே!" என்று கத்திவிட்டேன்.

ஹால் வெடித்துச் சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் டைம்கீப்பர் ஒரு பெயரைச் சொன்னார். முப்பத்தாறு வயதுத் தடுப்பு ஆட்டக்காரர், தலையில் பாதி வழுக்கை. ஏழு கம்பெனியும் மறுபடி சிரித்தது. "ஊருக்குப் போய்ட்டு இப்பதான் வந்திருக்கான். சீசன் பூரா இருப்பான். கோல் போடாட்டியும் வாங்க விடமாட்டான்" என்றார் அவர்.

அந்த வருடம் நாங்கள் ஏழாவதாக வந்தோம். கோப்பையே வாங்கியது போல மேனேஜர் எல்லோருக்கும் பிரியாணி சொன்னார். டைம்கீப்பர் மட்டும் பிரியாணியை அளைந்துகொண்டே, "ஏழுன்னா இனி ரெண்டாவது சாய்ஸ்லா? அநியாயமா முதல் சாய்ஸ் போச்சே" என்று புலம்பினார்.

மெஷினும் வந்தது. சைட்டில் எல்லோரும் தூசிக்குத் தலையோடு முகத்தையும் துணியால் கட்டியிருப்பார்கள். மெஷினுக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. துணியை அவிழ்க்கச் சொல்லி, ஆளைச் சொல்ல, அதன் பக்கத்தில் டைம்கீப்பரை நிறுத்தினார்கள். லிஸ்ட் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. என் பெயர் இருந்தது. பேப்பரே இல்லாத ஆபீஸாக மாற்றுகிறார்களாம். பேப்பர் அடுக்குகிறவன் எதற்கு? அவருக்காகவே பயந்துகொண்டிருந்ததில், எனக்காகப் பயப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

டைம்கீப்பர் கதவைத் தட்டாமல் மேனேஜர் ரூமுக்குள் போனார். நான் வெளியே நின்றேன். அவரை இழுத்து வர வேண்டும் என்று கை கதவுப் பிடிவரை போயிற்று, திறக்க வரவில்லை. மகளுடைய படிப்பு பாக்கி இருக்கிறதே, இந்த மனுஷன் என்ன செய்கிறார்?

"இவன் பேரு இருக்கிற தாளில என் பேரையும் எழுதிருங்க சாரே" என்றது உள்ளே அந்தக் குரல்.

"அவன் ஒருத்தன் இல்லேன்னா கம்பெனி நின்னுடுமாய்யா?"

"நிக்காது. இவன் சரியான பயந்தாங்கொள்ளி, எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு என் நாக்கு செத்துக் கிடந்தப்போ எழும்பி நின்னது இவன் ஒருத்தன்தான். இந்தக் கம்பெனியில ஒரு ஆளை மட்டும் எடுத்துக்கோன்னு எனக்கு முதல் சாய்ஸ் குடுத்தா, நான் இவனைத்தான் எடுப்பேன்."

மறுநாள் லிஸ்டில் என் பெயரை அடித்து, என்னை அபுதாபி சைட் ஸ்டோருக்கு மாற்றிக் காகிதம் வந்தது. மகள் நர்ஸாகி வேலைக்குச் சேர்ந்ததும் டைம்கீப்பர் ஊருக்குப் போய்விட்டார். நான் இன்னும் இங்கேதான், இன்னும் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நின்றவன் நான். என்னை முதல் ஆளாக எடுத்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.