ஒரே எஞ்சின், ஒரே கை

லட்சம் சார் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் மறைந்து போனார். மாடியும் மறைந்தது. நீலப் புகை விலகியபோது அம்மாள் நின்ற இடத்திலேயேதான் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டைகள்தான் நிறம் மாறியிருந்தன.

"சார்! வண்டிக்குள்ள எதையாவது எரிக்கறீங்களா?"

"பனிக்காலத்துல அப்படித்தாம்மா இருக்கும்," என்றார் லட்சம் சார், வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அலுவலகத்தில் அவர் துணை இயக்குநர். தெருவில் லட்சம் சார். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர், ஒரே எஞ்சினில், ஒரே ஆள் ஓட்டியது. எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அவர் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தனியே அழைத்து, "முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாம ஓட்டணும் தம்பி, அப்புறம் அதுவே பழகிடும்," என்று அறிவுரை சொன்னவர். முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து படுத்திருந்த பெரியவரிடம், "பார்ட்ஸ் மாத்தறது கடைசி வழி சார். நான் ஒரு நட்டு மாத்தினதில்ல," என்று ஆறுதல் சொன்னவர்.

எஞ்சின் நம்பரை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் பானட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. திறந்து பார்ப்பது சந்தேகப்படுவது ஆகும் என்பது அவர் கொள்கை.

இந்தப் புராணத்தில் அவருக்கு மிகப் பிடித்த அத்தியாயம் ஒன்று உண்டு.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி எட்டு மாசம் ட்ரெயினிங்னு வெளியூர் போயிட்டேன். வண்டி ஷெட்லயே நின்னுச்சு. திரும்பி வந்து சாவி போட்டா, சும்மா பறக்குது! ஓய்வு கொடுத்தா இரும்புக்கும் இளமை திரும்பும் சார்."

இந்த இடம் வரும்போதெல்லாம் அவர் மனைவிக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.

"இவளுக்கு வண்டி ஓட்டவே வராது. அதான் எஞ்சின் பிழைச்சுது," என்று அவர் அந்த அத்தியாயத்தை முடிப்பார்.

இப்போது அந்தப் புகழுக்கு முத்திரை குத்த ஆள் வரப்போகிறார்கள். ஒரே எஞ்சினில் மூன்று லட்சம் தாண்டிய வண்டிக்காரரின் படத்தை ஷோரூமில் மாட்டப்போவதாக வண்டிக் கம்பெனி அறிவித்திருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பரிசோதகர் வீட்டுக்கே வந்து எஞ்சின் நம்பரைச் சரிபார்ப்பார். இதைக் கேட்டு மைத்துனன் சிரித்தான். மூன்று வருடத்துக்கு ஒரு புது வண்டி வாங்குகிறவன் அவன்.

"இவ்ளோ நாள் ஒரே எஞ்சினா? சும்மா இருங்க அத்தான்."

சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் லட்சம் சார் எழுந்து நின்றார். "இல்லேன்னு நிரூபி. அங்கேயே மீசையை எடுத்துடறேன்."

மீசையும் அந்த வீட்டில் ஒரிஜினல்தான், மையைத் தவிர.

அவருடைய பல வருட மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி உருவினார்.

"ஆயில் எங்க சார்?"

"போன வாரம்தானே நீ ஊத்தின."

"அப்ப போன வாரமே குடிச்சிருச்சு. எஞ்சின் தேஞ்சு போச்சு சார்."

"மெதுவாப் பேசுய்யா!" லட்சம் சார் தெருவைப் பார்த்தார். "லாரிக்கு ஊத்துவாங்களே கெட்டி ஆயில், அதை ஊத்து. புகை நிக்கும்."

"நிக்கும் சார். கூடவே வண்டியும் நிக்கும்."

"சொன்னதைச் செய்."

மெக்கானிக் செய்தார். புகை இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள், அலுவலக இயக்குநரை முன் இருக்கையில் உட்காரவைத்து, "சத்தமே இல்ல பாத்தீங்களா சார்?" என்று லட்சம் சார் கேட்ட அந்த நொடியில், பானட்டுக்குள் யாரோ பாத்திரக் கூடையைக் கவிழ்த்தார்கள். நாற்சந்தி நடுவில் வண்டி நின்றது. பின்னாலிருந்து ஐம்பது ஹாரன்கள். இயக்குநர் இறங்கித் தள்ளினார். அந்தப் பதவிக்கு முதல்முறையாக நேரான பொருள் கிடைத்தது.

மறுநாள் காலை மெக்கானிக் தீர்ப்புச் சொன்னார். "ரிங் போச்சு. பிஸ்டன் போச்சு. இதைத் தொறந்தா மூடறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. வேற எஞ்சின்தான் சார்."

லட்சம் சார் எழுந்துபோய் ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கினார். குனிந்து வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"அது... கைவசம் இருக்கா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். லட்சம் சாரை ஒரு பார்வை, பின்பக்கத் தகரக் கொட்டகையை ஒரு பார்வை.

"ஒண்ணு இருக்கு சார். பல வருஷமாக் கிடக்கு. செத்துப்போய் வந்தது. பொழுது போகாதப்ப சிலிண்டரைப் போர் அடிச்சு, புது பிஸ்டன் போட்டு உசிர் கொடுத்து வச்சிருக்கேன். உங்க வண்டிக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காரும்."

"எப்படிச் செத்துச்சு? ஓனர் சரியில்லையா?"

"ஓனர் நல்லாத்தான் ஓட்டினார். நடுவுல வேற ஒரு கை பட்டுடுச்சு."

"அதான்! ஒரு வண்டிக்கு ஒரு கைதான்யா. எவன்கிட்டயோ சாவியைக் கொடுத்திருக்கான். பொறுப்பில்லாத ஜென்மம்!"

மெக்கானிக்குக்குக் கொஞ்ச நேரம் இருமல் வந்தது.

"சரி, நம்பர்? ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாங்களே."

"அதைப் பத்தி நீங்க கவலைப்படவே வேணாம் சார். பொருந்தும்."

"எப்படிய்யா பொருந்தும்?"

"பொருந்தும் சார்." மெக்கானிக் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய பக்கத்தில் சுத்தியலும் உளியும் மாட்டியிருந்தன.

லட்சம் சாரின் பார்வையும் அங்கே போனது. பழைய நம்பரை அழித்துப் புது நம்பர் தட்டுவது குற்றம். இத்தனை வருட உத்தியோகத்தில் அலுவலகப் பேனாவைக்கூட அவர் வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. வந்த பேனாக்கள் தாமாக வந்தவை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். மேலுதட்டில் மீசை அசைந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

"அதான் சார் எல்லாருக்கும் நல்லது," என்றார் மெக்கானிக்.

நான்கு நாள் வேலை. சங்கிலியில் கட்டிப் பழைய எஞ்சினை வெளியே தூக்கியபோது லட்சம் சார் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ய நினைத்தார். தொப்பி இல்லாததால் கண்ணாடியைக் கழற்றினார்.

"வண்டி எங்கங்க?" என்றாள் மனைவி.

"சீட் கவர் மாத்தக் கொடுத்திருக்கேன்."

வண்டி வந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள். "அதே கிழிஞ்ச கவர்தானே இருக்கு?"

"பழசையே துவைச்சு மாட்டிட்டான்."

"துவைச்ச மாதிரியும் தெரியலையே."

"கறை கவர்ல இல்ல, உன் கண்ணுல," என்று சொல்லிவிட்டு லட்சம் சார் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

தொல்லை அதன்பிறகுதான் தொடங்கியது. வண்டி நன்றாக ஓடியது. மிக நன்றாக ஓடியது. இத்தனை வருடம் அவர் கிளம்பும் சத்தத்தை வைத்துத்தான் தெருவே மணி பார்த்தது. இப்போது எதிர்வீட்டு அம்மாள் அடுப்பில் வைத்ததைத் தீயவிட்டார். தெரு முனை கேட்டில் நின்ற காவலாளி சத்தம் கேட்காமல் வண்டி முன்னாலேயே சோம்பல் முறித்து, கடைசி நொடியில் துள்ளிக் குதித்தார். போதாக்குறைக்கு மைத்துனன் வந்து பானட்டில் காதை வைத்துக் கேட்டான்.

"என்ன அத்தான், பூனைக்குட்டி வளக்கறீங்களா உள்ள?"

மாலையே லட்சம் சார் ஒர்க்‌ஷாப்பில் நின்றார்.

"சத்தம் வேணும்."

"எல்லாரும் சத்தத்தைக் குறைக்கத்தான் சார் வருவாங்க."

"சைலன்சர்ல ஒரு ஓட்டை போடுய்யா. அளவா, பழைய மாதிரி."

அளவான ஓட்டை போடும் வித்தை உலகில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. திரும்பி வரும்போது வண்டி போட்ட சத்தத்தில் மூன்று கார்களின் திருட்டு எச்சரிக்கை மணி அலறியது, காவலாளி இரண்டாவது முறையாகத் துள்ளினார்.

சனிக்கிழமை லட்சம் சாருக்குப் புதுக் கவலை வந்தது. புதிதாகத் தட்டிய நம்பர் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிட்டால்? வாழ்க்கையில் முதல்முறையாகப் பானட்டைத் திறந்தார். நம்பர் இருக்கும் இடத்தை மெக்கானிக்கிடம் போனில் கேட்டுக்கொண்டு, கை நிறைய கிரீஸ் அள்ளி அப்பினார். அதன்மேல் தரைவிரிப்பை உதறிய தூசியைத் தூவினார். நம்பரைப் பார்த்தால் சாட்சி ஆகிவிடுவோம் என்று எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டே செய்தார்.

ஞாயிறு காலை தெருவே வாசலில் நின்றது. மைத்துனன் ரிப்பன் கட்டிய சின்னப் பெட்டியோடு வந்திருந்தான். உள்ளே சவரக்கத்தி. வண்டியைப் பராமரித்தவரும் உடன் இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் இருந்ததால் மெக்கானிக் சலவைச் சட்டையில் ஓரமாக நின்றார்.

பரிசோதகர் அதிகம் பேசாத பெண். எஞ்சினைச் சுற்றி டார்ச் அடித்தார்.

"எஞ்சின் முழுக்கச் சுத்தமா இருக்கு. நம்பர் இருக்கற இடத்துல மட்டும் இவ்வளவு அழுக்கு?"

"அங்க காத்து வராது மேடம்," என்றார் லட்சம் சார்.

பரிசோதகர் பையிலிருந்து துணியையும் மண்ணெண்ணெய் பாட்டிலையும் எடுத்தார். லட்சம் சார் தன் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டார். விலங்கு மாட்டும்போது கையை முன்னால் நீட்டச் சொல்வார்களா, பின்னாலா என்று யோசித்தார்.

"நான் படிக்கறேன். யாராவது பதிவுப் புத்தகத்தைப் பாருங்க."

"கொடுங்க, நான் பாக்கறேன்," என்று மைத்துனன் புத்தகத்தைப் பிடுங்கினான்.

"ஏழு. பூஜ்யம். மூணு."

"ம்."

"மூணு. ஒம்பது."

"ம்..."

"ஒண்ணு. எட்டு. எட்டு."

மைத்துனன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எட்டு," என்றான், யாரோ இறந்துபோன குரலில்.

பரிசோதகர் எண்களை விரலால் தடவினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். லட்சம் சார் கண்ணை மூடிக்கொண்டார். இதோ மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார்.

"அழிச்சுத் தட்டின தடமே இல்ல. கம்பெனி அச்சு. இது இந்த வண்டியோட பிறந்த எஞ்சின்தான்." கையெழுத்துப் போட்டார். "சைலன்சரை மட்டும் மாத்துங்க. காது அடைக்குது."

தெரு கைதட்டியது. லட்சம் சார் முதலில் மெக்கானிக்கைப் பார்த்தார். என்ன கைவேலை! பூதக்கண்ணாடிக்கே தெரியவில்லையே! ஆனால் கைதட்டல் நீள நீள, அந்த நினைப்பு மெல்லக் கரைந்தது. ஒருவேளை எஞ்சின் மாறவே இல்லையோ? ஷட்டர், சங்கிலி, கொட்டகை எல்லாம் ஒரு கெட்ட கனவோ? மூன்றாவது நிமிடத்தில் அவருக்கு எந்தச் சந்தேகமும் மிச்சமில்லை. சட்டைப் பையிலிருந்து உரையை எடுத்தார்.

"பராமரிப்பு என்பது ஒழுக்கம். ஒரே எஞ்சின், ஒரே கை. என்னிடம் வந்தது எதுவும் மாறாது, எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது!"

அந்த இடத்தில் அவர் மனைவிக்கு உள்ளே வேலை வந்துவிட்டது. மெக்கானிக்கும் டீ குடிக்கப் பின்பக்கம் நழுவினார்.

உரை முடிந்ததும் மைத்துனன் ரிப்பன் பெட்டியை அவர் கையில் திணித்தான். "தோத்துட்டேன் அத்தான். இதைப் பரிசாவே வச்சுக்கங்க. என்னைக்காவது உதவும்."

லட்சம் சார் மீசையை நீவி விட்டுக்கொண்டு, பெட்டியும் கையுமாக, மனைவியிடம் வெற்றியைச் சொல்ல உள்ளே போனார். சமையலறை வாசலை நெருங்கியபோது, பின்கதவருகே மெக்கானிக்குக்கு டீ ஊற்றிக்கொண்டே அவள் ரகசியமாகக் கேட்பது காதில் விழுந்தது.

"ஏண்ணே, அவர் ட்ரெயினிங் போனப்ப நான் ஓட்டிப் பழகறேன்னு ஆயில் இல்லாம எரிச்சு, உங்ககிட்ட வேற மாத்தினேனே, அந்த எஞ்சினை இத்தனை வருஷம் தூக்கிப் போடாமலா வச்சிருந்தீங்க?"