ஆரோக்கியராஜ் அண்ணன் படித்த மன்றாட்டு

எதையாவது மூன்று நாள் மட்டும் படித்துவிட்டு வந்தவர்களிடம் நீங்கள் கொஞ்சம் தள்ளியே இருப்பது நல்லது. ஒன்றும் படிக்காதவர்கள் சும்மா இருப்பார்கள். முழுசாகப் படித்தவர்களும் சும்மா இருப்பார்கள். இந்த மூன்று நாள் கோஷ்டிதான் உலகத்தைத் திருத்தாமல் ஓயாது. இருபத்து நான்கு வயதில் நான் அந்தக் கோஷ்டிக்குத் தலைவி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அப்போது எனக்குத் தர ஆய்வு வேலை. அது போக, எங்கள் அன்பியத்துக்கு (தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழு, ஜெபம் கால் மணி, டீ முக்கால் மணி) நான்தான் செயலர். பங்குச் சாமியார் என்னைக் கத்தோலிக்க சமூகப் போதனை பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். மனித மாண்பு, உழைப்பின் மாண்பு, ஏழைகளுக்கு முன்னுரிமை, பொதுநலன்... அடடா! ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்குப் புல்லரித்தது. "ஜெபமும் செயலும் வேறு வேறு இல்லை" என்று அங்கே ஒரு சிஸ்டர் சொன்னதை நோட்டில் எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டேன். (பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்த அடிக்கோடுதான் காரணம்.)

ஊர் திரும்பியதும் முதல் பிரசங்கம் அம்மாவுக்கு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உழைப்போட மாண்பு அங்க சிங்க்குல குமிஞ்சிக் கெடக்குது பாரு. போய் கழுவிட்டு வந்து மீதிய சொல்லு" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோஸ்லின் அக்கா என்னிடம் மாட்டினார். எங்கள் தெருக்காரர். கணவர் இல்லை, இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில். ஒரு இரும்பு ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பழைய இரும்பைத் தரம் பிரிக்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றால் வெயிலில் கேட் வரைக்கும் நடக்க வேண்டும். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெண் மயங்கி விழ, அக்கா கான்ட்ராக்டரிடம் போய், கொட்டகையில் ஒரு தண்ணீர் கேன் வைக்கச் சொன்னார். மறுநாள் அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"இது அநீதிக்கா! விடக்கூடாது! நான் புகார் எழுதறேன்!" என்று குதித்தேன்.

"எழுது, வேணான்னு சொல்லல. ஆனா எம்பேரு வெளிய வந்துச்சின்னா அவ்ளோதான் ஸ்டெல்லா. கான்ட்ராக்டருங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கினு இருப்பாங்க. இங்கேந்து அத்திப்பட்டு வரைக்கும் ஒருத்தனும் வேலை குடுக்கமாட்டான். ரெண்டு பொண்ணுங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"உங்க பேரு ஆபீசருக்கு மட்டும்தான் தெரியும். சத்தியமா!"

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கான்ட்ராக்டர், பெ. ஆரோக்கியராஜ் அண்ணன், எங்கள் கோயில்காரர். முதல் பெஞ்சு. அது மட்டுமா? வருகிற மே ஒன்றாம் தேதி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருவிழாவுக்கு அவர்தான் உபயதாரர். பூசை முடிந்ததும் அவர் செலவில் ஊருக்கே பிரியாணி. அதனால் என் திட்டம் மிகவும் ராஜதந்திரமானது: புகார் ஓசைப்படாமல் அலுவலகத்துக்குப் போகும், நான் ஓசைப்படாமல் பிரியாணி சாப்பிடுவேன்.

திருவிழாப் பூசையில் மன்றாட்டுகளை (ஒருவர் வேண்டுதலைப் படிக்கப் படிக்க, கோயிலே சேர்ந்து பதில் சொல்லும் ஜெபம்) உபயதாரரே மைக்கில் படிப்பது எங்கள் கோயில் வழக்கம். நடுவில் அவர் பெயரைச் சொல்லி அவருக்காக வேண்டிக்கொள்வதும் வழக்கம். அவற்றை எழுதிக் கொடுக்கும் முறை அந்த வருடம் எங்கள் அன்பியத்துக்கு, அதாவது எனக்கு. ஒரே மாலையில், ஒரே கம்ப்யூட்டரில், மன்றாட்டையும் அடித்தேன், புகாரையும் அடித்தேன். எனக்கு மன்றாட்டு எழுதித்தான் பழக்கம், புகார் எழுதத் தெரியாது. ஆகவே புகாரிலும் ஒவ்வொரு பத்தியையும் "உம்மை மன்றாடுகிறோம்" என்றே முடித்தேன். பிறகு இரண்டையும் ஒரே மாதிரியான பழுப்புக் கவர்களில் போட்டு, இரண்டின் மேலும் கொட்டை எழுத்தில் "நீதிக்காக" என்று எழுதினேன். ஜெபமும் செயலும் வேறு வேறு இல்லையே!

ஏப்ரல் முப்பதாம் தேதி அக்காவும் நானும் இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் போய், சேர்க்க வேண்டிய இடத்தில் ஒரு கவரைச் சேர்த்தோம். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அவர்கள் பாவம்.) அக்கா வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் பெரியபாளையத்தில் கரும்புச்சாறு வாங்கிக் குடித்து வெற்றியைக் கொண்டாடினோம்.

மறுநாள் காலை கோயிலில் நிற்க இடமில்லை. பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் முடிந்தது. ஆரோக்கியராஜ் அண்ணன் பட்டு வேட்டி சரசரக்க மைக்குக்கு வந்தார். நான் பவ்யமாகக் கவரை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"உழைப்பவர்களின் நலனில்... அக்கறை கொண்ட... மேன்மை தங்கியவரே..."

ஆண்டவரைத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாமியார்கூடக் கண்ணை மூடித் தலையாட்டினார். அது புகாரின் முதல் வரி, கவர் மாறிவிட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்கள் பகுதியில் வாழும் தொழிலாளர்களைக் கண்ணோக்க வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்று கோயிலே முழங்கியது.

அண்ணன் உற்சாகமாக அடுத்த பத்திக்குப் போனார். "எங்கள் பங்கைச் சேர்ந்த... ஒப்பந்ததாரர்... திரு. பெ. ஆரோக்கியராஜ் அவர்கள்..."

தன் பெயரைப் பார்த்ததும் நிறுத்திச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முதல் பெஞ்சில் அவர் மனைவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். உபயதாரருக்கான வழக்கமான வேண்டுதல் என்றே இரண்டு பேரும் நம்பினார்கள்.

நான் ஓடினேன். சக்கிறிஸ்துக்குள் (பூசைச் சாமான்கள் வைக்கும் அறை) பாய்ந்து, மைக் சுவிட்ச் என்று நினைத்துக் கையில் அகப்பட்டதையெல்லாம் அணைத்தேன். கோயிலின் அத்தனை மின்விசிறிகளும் நின்றன. ஆனால் மைக் செட் பேட்டரியில் ஓடுவது! அது நிற்கவில்லை. விசிறிகளின் கடகட சத்தம் நின்றதால், அதுவரை பின்பெஞ்சுக்குச் சரியாக எட்டாத குரல் இப்போது ரோடு வரைக்கும் கணீரென்று கேட்டது. என் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்!

"...தகரக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்களுக்கு... குடிநீரும் காற்றும் தராமல்... வதைப்பதைத் தடுத்து நிறுத்த... உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

பழக்கதோஷம். ஒருவரும் யோசிக்கவில்லை. அதிலும் அண்ணன் மனைவியின் குரல்தான் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது ஒவ்வொருவருக்கும் உறைத்தது. அண்ணனுக்கும் உறைத்தது. ஆனால் உதடு அதற்குள் அடுத்த வரியில் கால் வைத்துவிட்டது.

"தண்ணீர் கேட்ட குற்றத்துக்காகக் கேட் பாஸ் பறிக்கப்பட்ட... அந்தப் பெண்ணின் பெயர்..."

நின்றுவிட்டார். மே மாத வெயில், நிரம்பிய கோயில், காற்று இல்லை. வேர்வை நெற்றியிலிருந்து கண்ணாடிக்குள் இறங்க, அவர் கண்கள் அடுத்த வரியைப் படிப்பதை நான் சக்கிறிஸ்து வாசலில் நின்று பார்த்தேன். போச்சு! எல்லாம் போச்சு! சத்தியம் பண்ணிக் கொடுத்து அக்காவின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். நான் அழ ஆரம்பித்தேன்.

"தண்ணி..." என்றார் அண்ணன், தொண்டை காய்ந்து, மைக்கிலேயே.

ஒருவரும் அசையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ரோஸ்லின் அக்கா எழுந்தார். கையில், வேலை நாட்களில் அவர் கேட் வரைக்கும் நடந்து தண்ணீர் பிடித்து வந்த பிளாஸ்டிக் பாட்டில். நேராக நடந்து வந்து அவரிடம் நீட்டினார்.

"குடிங்க சார். அந்தப் பேரு என்னுதுதான்."

அவர் குடித்தார். அந்தக் கடகட சத்தமும் மைக்கில் கேட்டது. முழு பாட்டிலும் காலியான பிறகு சாமியார் மெதுவாக, "ஆமென்" என்றார். (வேறென்ன சொல்வார்?)

பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "உன்னை டிரெயினிங்குக்கு அனுப்பினது நான்தானே? என்னைத்தான் சொல்லணும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே பிரியாணிப் பந்தலில் அண்ணன் கத்திக்கொண்டிருந்தார்: "என் காசுல சோறு துன்றதுக்கு வந்துட்டு, என் வாயாலேயே என்ன நாறடிச்சிட்டாங்க!"

அவர் மனைவி கரண்டியோடு திரும்பினார். "கத்தாத. இத்தினி பேரு சாமிகிட்ட கேட்டாச்சு. நானும் தொண்ட கிழிய கேட்டுட்டேன். சாமிகிட்ட சொன்னத வாபஸ் வாங்க சொல்றியா? நாளைக்கு அந்தப் பொண்ணு வேலைக்கு வரணும், கொட்டாயில தண்ணி இருக்கணும். இல்லன்னா இனிமே நான் கோயிலுக்குள்ள எந்த மூஞ்ச வெச்சிக்கினு வருவேன்?"

அண்ணன் ரோஸ்லின் அக்காவைப் பார்க்காமலேயே, "காலைல ஷிஃப்ட்டுக்கு வந்துடு" என்றார். அந்த வாரமே தண்ணீர் கேன் வந்தது. விசிறிக்கு மட்டும் இன்னொரு புகார் தேவைப்பட்டது. (அந்தக் கவரை அக்காவே ஒட்டினார்.) அண்ணன் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. அந்த பிரியாணியை நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறீர்களா? இரண்டு தட்டு.

இரண்டு நாள் கழித்துத் திருவள்ளூரிலிருந்து போன் வந்தது. மிகவும் மரியாதையான குரல். "அம்மா, உங்க மனு கெடச்சிது. திருத்தந்தை, ஆயர்கள் நல்லா இருக்கணும்னு கேட்டிருக்கீங்க, சரி. காலத்துல மழை வேணும்னும் கேட்டிருக்கீங்க. அது எங்க செக்ஷன் இல்லீங்களே?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், அது மளிகைச் சீட்டாகவே இருந்தாலும், அம்மா வாங்குவதற்கு முன், "இது சாமிக்கா, ஆபீசுக்கா?" என்று கேட்பாள். இப்போது என் கணவரும் சேர்ந்துகொண்டார். என் மகள் தன் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தை என்னை எழுதவே விடுவதில்லை.

ஆரோக்கியராஜ் அண்ணன் இன்னமும் மே ஒன்றாம் தேதி மன்றாட்டு படிக்கிறார். ஆனால் மைக்குக்குப் போகும் முன் காகிதத்தோடு பெண்கள் பக்கம் வந்து நிற்பார். ரோஸ்லின் அக்கா கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படிப்பார். கோயிலே காத்திருக்கும். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்வார்:

"தைரியமா படிங்கண்ணே. இந்த வருசம் உங்க மேல ஒண்ணும் இல்ல."