அறுபத்தைந்தைத் தாண்டாத அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் நலமில்லை, அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

"பேசாமல் பேங்கில் வயதைச் சொல்லிவிட்டு வா" என்று எழுதியிருக்கிறாய். முடியாது. நடந்ததை முழுசாகக் கேள்.

உன் அத்தான் விட்டுப்போன பணத்தை வருஷா வருஷம் கொஞ்சமாக வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, அந்த வட்டியில்தான் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வாடகை கொடுக்கிறேன். இப்போது அரசாங்கம் திடீரென்று, வருஷத்துக்குப் போடும் தொகையில் பாதிக்குத்தான் வரியில்லா டெபாசிட், மீதிக்கும் வரி வேண்டாமென்றால் ஷேரில் போடு என்கிறது. ஷேர் காலையில் ஏறி மதியம் இறங்குமாம். நான் மாடி ஏறி இறங்குவது போதாதா? வட்டியில் வரி பிடித்தால் வாடகைக்கு இழுபறியாகிவிடும். அப்புறம் என் மகன் வீட்டில், அவன் உடற்பயிற்சி சைக்கிள் நிற்கும் அறையில், அதோடு நானும் நிற்க வேண்டியதுதான். அந்த சைக்கிளும் அவனைப் போலத்தான்; நிறைய மூச்சு வாங்கும், எங்கேயும் போகாது.

இதைக் கேட்கத்தான் பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். "மேடம், அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு இந்த மாற்றமே கிடையாது. உங்களோடது பழைய கணக்கு, பிறந்த தேதி இதுல இல்ல. தாண்டிட்டீங்களா?" என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குப் பின்னால் யார் என்று நினைக்கிறாய்? கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர். ஏழெட்டு வருஷமாக அறுபதிலேயே இருப்பவள்.

"உன் கண்ணுக்கு எப்படிம்மா தெரியுது?" என்றேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "தாண்டின மாதிரி தெரியல மேடம்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாதித் தொகை என்று பதிந்துவிட்டாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இவ்வளவு செலவு வைத்தது வேறில்லை.

மாற்ற வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழோடு இன்னொரு கவுண்டருக்குப் போக வேண்டுமாம். அதன் மேல் 'அறுபத்தைந்துக்கு மேற்பட்டோர்' என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்குகிறது. மகனிடம் சொன்னால், "அம்மா, இதுல என்னம்மா இருக்கு, சொல்லிட்டு வந்துடுங்க" என்கிறான். "உங்க அப்பாகிட்டயே சொன்னதில்லடா, பேங்க்ல சொல்லணுமா?" என்று போனை வைத்துவிட்டேன். கான்வென்டில் எங்களுக்கு இரண்டு பாடம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள்: முதுகை நிமிர்த்தி நில், பெண்ணின் வயதைக் கேட்காதே. முதலாவதை இன்றும் செய்கிறேன். இரண்டாவது அரசாங்கத்துக்குத் தெரியவில்லை என்றால் அது வளர்ந்த லட்சணம் அப்படி.

ஆகையால் என் முடிவைக் கேட்டுக்கொள். ஷேர் வாங்க மாட்டேன். மகன் வீட்டுக்குப் போக மாட்டேன். வரி கட்டுவேன், அதற்காக செய்தித்தாளை நிறுத்துவேன், பால் பாதியாக்குவேன், கறுப்புக் காப்பி குடித்தால் ஒன்றும் செத்துப் போயிட மாட்டேன். அந்தப் பலகைக்குக் கீழே மட்டும் என் கால் படாது. சொன்னா சொன்னதுதான். உனக்கு வழுக்கை விழுந்த நாளிலிருந்து இந்தக் கட்டிடத்தில் எல்லாரும் உன்னை என் அண்ணன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; நானும் மறுத்ததில்லை. அந்த மரியாதையை நீயே கெடுத்துக்கொள்ளாதே.

குழந்தைகளெல்லாம் நன்றாக இருக்கட்டும். நீயும் முதுகை நிமிர்த்தி உட்கார்.

உன் அன்பு அக்கா

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். தபால் பெட்டி பேங்கைத் தாண்டித்தான் இருக்கிறது. சும்மா எட்டிப் பார்த்தேன். அந்தப் பலகைக்குக் கீழே வரிசை. கடைசியில் பாட்டு டீச்சர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. நேராகப் போய் அவள் பின்னால் நின்றேன். சான்றிதழ் எதற்கும் இருக்கட்டும் என்று பையில்தான் இருந்தது.

"எங்க அண்ணனுக்காக வந்தேன். பாவம், அவரால நடக்க முடியல" என்றேன்.

"நானும் எங்க அக்காவுக்காகத்தான்" என்றாள்.

அவள் கையெழுத்துப் போடும்போது நான் சுவரைப் பார்த்தேன். நான் போடும்போது அவள் சுவரைப் பார்த்தாள். வாடகை பிழைத்தது. திரும்பும் வழியில் அவள் முழங்காலுக்கு ஒரு தைலம் சொன்னாள், அவளுக்கும் வலிதானாம். அடுத்த மாதம் நீ வரும்போது மறக்காமல் ஒரு கைத்தடி ஊன்றிக்கொண்டு வா. படியில் நின்று நின்று ஏறு.