டிக்கெட் இல்லாத இரண்டு ஆடுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். இங்கே நாங்கள் நால்வரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதும் முன் சரிபார்த்தேன். மூவர் நலம். என்னைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை.

முதலில் விஷயம். என்னை இந்தப் பண்ணையிலேயே விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து. ஆதாரம் கீழே. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ காரை எடுத்துக்கொண்டு பண்ணை வாசலுக்கு வந்துவிடு. ஹார்ன் அடிக்காதே. நானும் என் மனைவியும் பையோடு வேலி ஓரமாக நிற்போம்.

போன் செய்திருக்கலாமே என்பாய். போன்கள் ஒரு மரப்பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. வந்த அன்றே வாங்கிக்கொண்டார்கள். விருந்தினர் இயற்கையோடு இருக்க வேண்டுமாம். சாவி பண்ணைக்காரம்மாவின் கழுத்தில். அதனால்தான் கடிதம். பால் வண்டி ஓட்டுபவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரையும் முழுதாக நம்பவில்லை. உறையின் ஒட்டில் குறுக்காகக் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து உடைந்திருந்தால் எனக்குச் சொல்.

மகள் இதற்கு கிளாம்பிங் என்று பெயர் சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“டென்ட்டுதான்ப்பா. ஆனா வசதியா இருக்கும்.”

“வசதியா இருக்கணும்னா வீட்டிலயே இருக்கலாமே.”

“அது வீடுப்பா.”

இந்தப் பதிலை மூன்று நாளாக யோசிக்கிறேன்.

கூடாரம் பெரிது. நடுவில் ஒரு திரை, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். உள்ளே கட்டில், கம்பளம், தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி, மேலே தொங்கும் விளக்கு. ஒரு தலைக்கு மூன்று தலையணை. இவ்வளவும் வைத்தவர்கள் கதவு வைக்கவில்லை. ஜிப் வைத்திருக்கிறார்கள். ஜிப் வைத்தால் அதற்குப் பெயர் பை. நான்கு பேரும் ஒரு பைக்குள் தூங்குகிறோம். வெளியே பண்ணை நிஜமாகவே நடக்கிறது, அதுதான் விசேஷம் என்கிறார்கள். விருந்தினர்கள் காலையில் முட்டை பொறுக்கலாம், ஆட்டுக்குத் தீவனம் வைக்கலாம், கொட்டகை கூட்டலாம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. கூட்டிவிட்டு நன்றி வேறு சொல்கிறார்கள். மாப்பிள்ளையை உனக்குத் தெரியும், குடித்த தம்ளரை நகர்த்தி வைக்காதவர். இங்கே சாணித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே சாணி தள்ளுபவரை எப்படி அக்கா நம்புவது?

ஆதாரத்துக்கு வருகிறேன். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கிறது. மகள் ஜன்னலைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை தூங்குகிறார். முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தேன். தூங்குவதுபோல நடிப்பவர்களை எழுப்பித்தான் ஓய்வூதியம் வாங்குகிறேன். நிஜத் தூக்கத்தில் வாய் திறந்திருக்கும். அவர் வாய் மூடியிருந்தது. அடுத்தது, நேற்று கோழிக்கூண்டுக்குப் பின்னால் மகள் பண்ணைக்காரம்மாவிடம் பேசியதை என் காதாலேயே கேட்டேன்.

“நாங்க கிளம்பின பிறகு அப்பா மட்டும் பத்து நாள் இங்க இருந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?”

“இருக்கட்டும்மா. ஆனா அவருக்குப் பொழுது போகணுமே.”

பத்து நாள் என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவள் என் மனைவி இவள் ஒருத்திதான். ஒன்றும் பேசுவதில்லை. மதியம் நன்றாகத் தூங்குகிறாள். தனக்கு நாலு நாளுக்கான துணி மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எனக்குப் பதினாலு சட்டை மடித்து வைத்திருக்கிறாள். அவ்வளவு அக்கறை. நான் இங்கே மாட்டிக்கொண்டால் வீட்டில் அவளுக்கு யார் துணை சொல். ஓய்வு பெற்றதிலிருந்து சமையலறையில் ஒவ்வொரு டப்பா மூடியிலும் திறந்த தேதி எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். பால் பொங்குவதற்கு எத்தனை நிமிஷம் என்று சொல்வதும் நான்தான். ஒரு நாள்கூட அவள் மறுபேச்சுப் பேசியதில்லை.

இன்று காலை நடந்ததையும் கேள், இல்லையென்றால் மகள் வேறு மாதிரி சொல்வாள். ஆடுகளுக்குக் காதில் மஞ்சள் அட்டை மாட்டி எண் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும்படி, கிழியாதபடி, தொலையாதபடி. ரயில்வேக்கு இந்த யோசனை வரவில்லையே என்று வருத்தமாக இருந்தது. தீவனம் வைக்கும்போது கை சும்மா இருக்கவில்லை, ஒவ்வொன்றாகக் காதைத் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தெட்டு சரி. இரண்டுக்கு அட்டை இல்லை. ஒன்று குட்டி. மற்றொன்று வளர்ந்த கருப்பு ஆடு. என் கண்ணைப் பார்க்காமல் கூட்டத்துக்குள் நகர்ந்தது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டையும் இறக்கிவிட வேண்டியதுதான் முறை. கட்டி வைக்க வேறு இடம் தெரியாமல் கூடாரத்தின் மூலைக் கயிற்றில் கட்டிவிட்டுப் பண்ணைக்காரம்மாவைத் தேடிப் போனேன். கருப்பு ஆடு இழுத்த இழுப்பில் முளை பிடுங்கிக்கொண்டது. பாதிக் கூடாரம் மாப்பிள்ளை மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் துணி தரையைத் தொடும் முன் வெளியே நிற்கிறார். காலில் செருப்போடு. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பண்ணைக்காரம்மா ஓடி வந்தார்.

“ஐயா, குட்டியை எதுக்குக் கட்டினீங்க? அது பொறந்து பன்னெண்டு நாள்தான் ஆகுது. சின்னதுக்கு அட்டை போட மாட்டோம்.”

“வயசுக்கு அத்தாட்சி?”

அவர் கயிற்றை அவிழ்த்தார். குட்டி ஓடிப்போய்த் தாயின் மடியில் முட்டியது. ஏற்றுக்கொண்டேன். கைக்குழந்தைக்கு எந்த வண்டியிலும் டிக்கெட் கிடையாது.

“அப்ப இந்தக் கருப்பு?”

அவர் அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். “இது எங்களுது இல்லையே. பக்கத்துப் பண்ணைது. வேலி தாண்டி வந்து எத்தனை நாளா தின்னுச்சோ.”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஒரு இடத்துலயாவது சும்மா இருங்கப்பா,” என்றாள். பண்ணைக்காரம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையும் சரியில்லை.

ஆகவே சனிக்கிழமை, பத்து மணி. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானை எண்ணெய்ப் பதார்த்தம் குறைக்கச் சொல். உன் ஆசி எனக்கு இப்போது கூடுதலாகத் தேவை.

உன் ஒரே தம்பி

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் இவள் கடிதத்தைப் படித்துவிட்டாள். திரும்பி வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“மகளைத் திட்டாதீங்க. மாப்பிள்ளையையும். பத்து நாள் நான்தான் கேட்டேன்.”

“நீயா?”

“நீங்க ரயில்ல இருந்த வரைக்கும் வாரத்துல நாலு நாள் வீடு எனக்கு இருந்துச்சு. இப்ப ஒரு நாளும் இல்ல. இங்க ஆடு இருக்கு, சரிபாருங்க. வீட்டுல என்னைச் சரிபார்க்க வேணாம்.”

வண்டி முழுக்க எல்லாரிடமும் டிக்கெட் கேட்டேன் அக்கா. பக்கத்து இருக்கையில் கேட்கவில்லை.

வெளியே போனேன். கருப்பு ஆடு மறுபடியும் வேலி தாண்டி வந்திருந்தது. திருப்பி அனுப்பினேன். பண்ணைக்காரம்மா மாலையில் கொட்டகை அடைக்கும்போது எண்ணிக்கை பார்க்க முடியுமா என்று கேட்டார். பத்து நாளைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

நீ சனிக்கிழமை வா. ஆனால் எனக்காக அல்ல. மகளும் மாப்பிள்ளையும் இங்கிருந்து நேராக அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். இவளை வீட்டு வாசலில் இறக்கிவிடு. உள்ளே போய் உட்காராதே. ஹார்ன் அடிக்கலாம்.

வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். டப்பா மூடிச் சீட்டுகளைக் கிழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். மொத்தம் நாற்பத்திரண்டு. திரும்பி வந்து எண்ண மாட்டேன்.