கணவாய் ஏறிய கடிகாரம்

எங்கள் ஊரில் ஜூனில் வரும் இந்தக் குளிர்காலத்தை வீணாக்கப் போவதில்லை என்று விடுமுறை தொடங்கிய அன்றே சபதம் எடுத்தேன். எடுத்தது கம்பளிக்குள் சுருண்டு படுத்தபடிதான். அதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது.

செப்டம்பரில் ஆறு நாள் மலைச் சைக்கிள் பந்தயம். ஜோடியாக ஓட்ட வேண்டும். ஒருவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கினால் இருவருக்கும் தண்டனை. தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைனில் இருக்கும் பயிற்சியாளர் ஃபூரி அம்மா தனக்கு ஜோடியாக லெசோத்தோ மலைக்காரர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். எழுதிப் போட்டேன். சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி ஒரு கடிகாரமும் மார்பில் கட்டும் பட்டையும் அனுப்பினார். பந்தயம் இல்லாத இந்த மாதங்களில் தினமும் மூன்று மணி நேரம் சைக்கிளில் நிதானமாக மலையேற வேண்டும். எவ்வளவு ஏற்றம், இதயம் எத்தனை துடிப்பு, எல்லாவற்றையும் கடிகாரமே அவருக்குச் சொல்லிவிடும்.

லெசோத்தோவின் செமொன்கொங் மலையூரில் இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியார் நான். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்க்க இதை விட்டால் வேறு வழி கிடையாது. நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

பயிற்சியில் இருப்பவன் தண்ணீர் சுமக்கக் கூடாது, வரட்டி அடுக்கக் கூடாது என்று மனைவி மாலினியோவிடம் அறிவித்தும் விட்டேன். யார் சொன்னது என்று கேட்டாள். விஞ்ஞானம் என்றேன்.

முதல் நாள் கணவாயில் பாதி தூரம் ஏறுவதற்குள் மீசை உறைந்துவிட்டது. கையில் விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐந்தும் இருந்தன. இரண்டாம் நாள் மூளை வேலை செய்தது. பக்கத்து வீட்டு மொக்கேதி தினமும் காலையில் மேலே மாட்டுப்பட்டிக்கு உப்பும் மாவும் ஏற்றிக்கொண்டு குதிரையில் போகிறான். போக வர மூன்று மணி நேரம். கடிகாரத்துக்கு என்ன, கண்ணா இருக்கிறது?

பட்டையில் பழைய டியூபை ஒட்டுப்போட்டுக் குதிரைக்குக் கட்டி, கடிகாரத்தைச் சேணத்தில் மாட்டினோம். சைக்கிளை அவன் லாயத்தில் ஒளித்துவிட்டு நான் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் அடுப்போரம் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான மக்வென்யாவை ஒரு கை பார்த்தேன். மதியம் தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால் வேர்வை தயார்.

வாரக் கடைசியில் பயிற்சியாளரிடமிருந்து செய்தி வந்தது. ஓய்வில் முப்பத்தினாலு துடிப்பாம். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லையாம். நானும்தான் பார்த்ததில்லை.

அன்றைக்குத் துணி துவைக்க எடுத்த மாலினியோ, பட்டையை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்னங்க, உங்க வேர்வை ஏன் குதிரை வாடை அடிக்குது?"

"கடும் பயிற்சி பண்ணினா ஆம்பளைக்கு அப்படித்தான் அடிக்கும்."

"ஓ. முடிகூட பழுப்பா நீளமா வளருது போல."

"குளிருக்கு உடம்பே வளர்த்துக்குது மாலினியோ. இயற்கையோட கருணை."

அவள் பட்டையோடு துவைக்கப் போனாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆன ஒருவன் நினைக்கக் கூடாத நினைப்பு அது.

அடுத்த வாரங்களில் எல்லாம் ஜாம் ஜாம் என்று நடந்தது. இப்போதுதான் எண்கள் மனித எண்களாக வருகின்றன, அபாரம் என்று பயிற்சியாளர் எழுதினார். குதிரைக்கும் பயிற்சி பிடித்துப்போய்விட்டது என்று மொக்கேதியைப் பாராட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த தன் தொப்பியைப் பார்த்தான். ஒரு நாள் லாயத்திலிருந்து சைக்கிளை எடுத்தால், முழங்கால் மார்பில் இடித்தது. இருக்கை நான்கு விரல் தாழ்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்தே கால் வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மாலினியோவும் அந்த நாட்களில் பாப்பா என்னும் மக்காச்சோளக் களியை மூன்று தட்டு சாப்பிட்டாள். குளிர்காலம் அவளுக்கு ஒத்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டின்போது மட்டும் விசாரணை இருக்கும்.

"இன்னிக்குக் கணவாய்ல எப்படி?"

"பனி முழங்கால் அளவு. செத்துப் பிழைச்சேன்."

"கணுக்கால் அளவுதான்னாங்க."

"யாரு?"

"போயிட்டு வந்தவங்க."

விடுமுறை முடிகிற வாரம் ஃபூரி அம்மா ஜீப்பில் நேரிலேயே வந்துவிட்டார். ஜீப் சத்தம் கேட்டதும் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு முனகியபடி வாசலுக்கு நொண்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மாலினியோவைக் கட்டிக்கொண்டார்.

"மூணு மணி நேரம், ஒரு நாள்கூட விடாம. எப்படிம்மா முடிஞ்சுது?"

நான் மாலினியோவைப் பார்த்தேன். அவள் என் கட்டைப் பார்த்தாள்.

பட்டையைத் துவைத்த மறுநாளே மொக்கேதியை மடக்கியிருக்கிறாள். அன்றிலிருந்து நான் கொடுத்த கடிகாரமும் பட்டையும் குதிரைக்குப் போகவில்லை, அவளுக்குத்தான் போயிருக்கின்றன. நான் தேநீர்க் கடைக்கு நகர்ந்ததும் சைக்கிளும் அவளோடு போயிருக்கிறது. ஏறுவது தான்தான் என்று பயிற்சியாளருக்கு அப்போதே எழுதிவிட்டாளாம். முதல் வாரம் தன்னுடையது இல்லை என்பதையும் சேர்த்து.

"கோபமா?" என்று கேட்டாள். "பத்து வருஷமா உங்க சைக்கிளைத் துடைச்சு வைக்கிறவ நான். உங்களை மாட்டிவிடணும்னுதான் முதல் நாள் ஏறினேன். மேல போய் நின்னதும் இறங்க மனசே வரலீங்க."

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. பந்தய ஜோடியில் அந்த இடம் எனக்குப் போனது போனதுதான்.

ஃபூரி அம்மா மாலினியோவின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டார். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் பந்தயத்தில் இறக்க மாற்று ஆள் ஒருவர் வேண்டும் என்றார். நான் முழங்கால் கட்டை மெல்ல அவிழ்த்து, நெஞ்சை நிமிர்த்தி ஒரு அடி முன்னால் வந்து நின்றேன்.

"அந்த முதல் வாரம் ஏறினது யாரு?" என்று அவர் மாலினியோவிடம் கேட்டார்.

"மொக்கேதியோட குதிரைங்க."

அவர் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்து குதிரையின் பெயரைக் கேட்டார்.